பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம்: சென்னையில் தன்னார்வலராகச் சேர விரும்புவோருக்கு

கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு வைத்திருக்கிறது. 45 நிமிடப் பாடவேளையை முப்பதால் வகுத்துப் பார்த்தால் பிள்ளை ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் வரும். அதிலும் வருகைப் பதிவு, கரும்பலகை, "மிஸ், இவன் என் பென்சிலை எடுத்துக்கிட்டான்" என்று வரும் பஞ்சாயத்து எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த ஆசிரியராக இருந்தாலும், ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. வெளியிலிருந்து வருகிற ஒருவருக்குப் பள்ளியில் உண்மையாகவே வேலை இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான். வடசென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் புதன்கிழமைதோறும் வாசிப்பு வேளை நடத்திவருகிற அனுபவத்தில், புதிதாக வர நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

பள்ளிக்கு ஊரார் கைகொடுப்பது நமக்குப் புதிதன்று. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு தொடங்கப்பட்டது. காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார்; 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய அம்மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம், கட்டடம், மேசை, கடிகாரம், கரும்பலகை என்று தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அன்றைய தட்டுப்பாடு பொருளில் இருந்தது. இன்று சென்னையின் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது, பல வகுப்புகளில் திறன்பலகை மாட்டப்பட்டிருக்கிறது, மேசை நாற்காலிக்கும் பெரிய குறையில்லை. தட்டுப்பாடு இப்போது பெரியவர்களின் நேரத்தில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைக் கொடுப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பொருளாகவோ பணமாகவோ மட்டும் கொடுக்க நினைப்பவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக, குறிப்பிட்ட பள்ளிக்குத் தேவையானதைத் தெரிந்துகொண்டு நன்கொடை அளிக்கலாம். தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகத் திணித்துவிட்டு வருவது வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாலும் பின்னால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எந்தப் பள்ளி, எப்படி நுழைவது

வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு திருவொற்றியூரில் சேவை செய்யப் புறப்படுகிறவர்கள் மூன்றாவது வாரமே போக்குவரத்தைக் காரணம் காட்டி நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பள்ளிக்கு இன்னொரு வசதியும் உண்டு: காய்கறிக் கடையில் பார்க்கிற முகம் வகுப்பறையிலும் தெரியும்போது பிள்ளைக்கும் கூச்சம் விலகும், அவன் அம்மாவுக்கும் நம்பிக்கை வரும்.

பள்ளி யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அனுமதி தருகிற இடம் அதற்கேற்ப மாறும். சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகள் ரிப்பன் மாளிகையில் இயங்கும் மாநகராட்சிக் கல்வித்துறையின் கீழ் வருகின்றன. அரசுப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அவற்றின் நிர்வாகம் இருக்கிறது. முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். காலை வணக்கக் கூட்டம் நடக்கும் நேரத்திலும், மதிய உணவு பரிமாறும் நேரத்திலும் போகாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவர் ஓரளவு மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள், எந்தக் கிழமை எந்த நேரம் வர முடியும், எவ்வளவு காலம் வர முடியும் என்ற விவரங்களை ஒரே பக்கக் கடிதமாக எழுதி, அடையாள அட்டை நகலுடன் கொடுங்கள். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். 2024 செப்டம்பரில் சென்னையின் இரண்டு அரசுப் பள்ளிகளில் வெளியார் ஒருவர் பேசிய பேச்சு பெரும் சர்ச்சையானதிலிருந்து, யாரை உள்ளே விடுவது என்பதில் தலைமையாசிரியர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறார்கள். அப்படி இருப்பதே சரி. எழுத்து அனுமதி வரும் வரை காத்திருங்கள்.

காத்திருக்கும் வேளையில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. குழுவின் தலைவராக இருக்கிற அம்மாவைச் சந்தித்துப் பேசுங்கள். உங்கள் பெயரும் நீங்கள் செய்யப்போகிற வேலையும் குழுக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் ஏறுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் பதிவேடு அங்கேயே இருக்கும். புதிதாக வருகிறவருக்கு நீங்கள் யாரென்று அது சொல்லும். நீங்கள் அப்பள்ளியில் படித்தவராகவோ, அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோராகவோ இருந்தால் குழுவிலேயே இடம்பெற முயலலாம்.

அலுவலகம் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தொடக்க வகுப்புகளுக்குச் சனிக்கிழமை பெரும்பாலும் விடுமுறை. வார நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கவே முடியாதென்றால், பள்ளி நேரத்துக்குப் பிந்திய மாலை வகுப்புகள் உங்கள் பகுதியில் நடக்கின்றனவா என்று விசாரியுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் மாலை வேளையைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் அதைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். கோயில் திண்ணையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் இருபது பிள்ளைகளை வைத்து வகுப்பெடுத்த அந்தப் பெண்களில் ஒருவரோடு இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

எப்போது தொடங்குவது

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் போகட்டும். சேர்க்கை, பாடநூல், சீருடை வேலைகள் ஓய்ந்ததும் தொடங்குங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, நடுவில் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள், அதன்பின் பொங்கல், அதைத் தொடர்ந்து ஆண்டுத் தேர்வுக்கான ஆயத்தம் என்று நாள்கள் கரைந்துவிடும். வாரம் ஒரு நாள் போகிறவருக்கு ஓர் ஆண்டில் முப்பது நாள் கிடைத்தால் பெரிது. அந்த முப்பதையும் தவறவிடாமல் போவதுதான் தன்னார்வலரின் முதல் தகுதி என்பது என் கருத்து. படிப்பு, பட்டம், ஆங்கிலப் புலமை எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலாண்டில் உறவினர் திருமணத்துக்காக நான் இரண்டு புதன்கிழமை சொல்லாமல் போகாதிருந்தேன். மூன்றாவது வாரம் போனபோது ஆயாம்மா சொன்னார்: "ரெண்டு வாரமும் புள்ளைங்க பாயைப் போட்டுட்டு உக்காந்திருந்துச்சுங்கம்மா, மணி அடிச்சதும் அதுங்களே சுருட்டி வச்சிடுச்சுங்க." வர முடியாத நாளில் முதல் நாளே வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

வாசிக்கக் கேட்பது எப்படி

செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு. நூலகப் புத்தகங்களை வரிசைப்படுத்தலாம். காலை உணவு நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவலாம். உயர்நிலை வகுப்புகளுக்கு உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வாசிப்பைத்தான்.

முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்படி தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அவர்களுடைய கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டு, அதற்கேற்பப் பயிற்சி பெறுகிறார்கள். உங்களிடம் அனுப்பப்படும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான், ஆசிரியர் இந்த வாரம் எதைச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், நீங்கள் பள்ளியில் படித்த முறையைக் கொண்டுவந்து புகுத்தினால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் குழப்பம் மிஞ்சும். ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் போதும். பத்துப் பேரை அனுப்புகிறேன் என்று ஆசிரியர் சொன்னால் பணிவோடு மறுத்துவிடுங்கள். பத்துப் பேர் ஆனால் அது இன்னொரு வகுப்பாகிவிடும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அவன் கண் புத்தகத்தில் இல்லை, மேலே சுற்றும் மின்விசிறியில் இருந்தது. அடிமட்டத்தை எடுத்து நான்காவது வரிக்குக் கீழே வைத்து, நடுவில் இருந்த 'தோட்டத்தில்' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு "கிணறு" என்றான். முழுப் பாடமும் காதால் கேட்டு மனப்பாடமானது. ஆகவே எந்தப் பிள்ளையையும் முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லாதீர்கள்; நடுவிலிருந்து ஒரு சொல், அடியிலிருந்து ஒரு சொல் என்று கேளுங்கள். அப்போதுதான் எங்கே நிற்கிறான் என்பது தெரியும்.

அந்தப் பையன் எங்கே நின்றான் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வாரமானது. 'தோ' என்ற எழுத்தை அவன் 'தே' என்று தொடங்கி, பின்னால் இருக்கும் கால் குறியை (ா) 'ர' என்று தனியே வாசித்தான். நமக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது அவனுக்கு இரண்டு எழுத்து. கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், ஒலியோ ஒன்றாக வரும். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் சொல்லுக்குள் இந்த எழுத்துகளைப் பார்க்கும்போது தடுக்கி விழுவதற்கு இது பெரிய காரணம். இன்னொன்று புள்ளி: 'படம்', 'பட்டம்' இரண்டையும் ஒன்றுபோலவே வாசிப்பார்கள். இவ்விரண்டையும் கவனித்தாலே முதல் பருவம் ஓடிவிடும்.

இதற்கு நான் பயன்படுத்திய பாடநூல் மாநகரப் பேருந்தின் பெயர்ப்பலகை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் ஊர்ப்பெயர் காதில் பழகியிருக்கும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கொடுங்கையூர், கோயம்பேடு, பெரம்பூர், பேசின் பிரிட்ஜ், செம்பியம், சேப்பாக்கம், தோமையார் மலை. ஒற்றைக் கொம்பு எது, இரட்டைக் கொம்பு எது என்று பிள்ளையே கண்டுபிடித்துப் பிரித்து அடுக்கட்டும். பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த பலகையை அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் பேருந்தில் தொடங்கி, டீக்கடை, மருந்துக் கடை வரை போய்விடுவார்கள். 'புரோட்டா' என்பதைக் கடைக்குக் கடை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒருத்தி பட்டியலே போட்டுக்கொண்டு வந்தாள். எது சரி என்ற கேள்விக்கு நானும் சற்றுத் திணறினேன்.

அட்டையிலிருந்து புத்தகத்துக்கு மாறும்போது கனமான கதைப் புத்தகத்தை நீட்டாதீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்து வெளியிட்ட சிறு புத்தகங்கள் பல பள்ளிகளின் பீரோவில் இருக்கின்றன; இருக்கிறதா என்று கேட்டால்தான் வெளியே வரும். நீங்களே புத்தகம் வாங்கிக் கொடுப்பதாயிருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிய புத்தகம் கிழிந்தாலோ காணாமற்போனாலோ யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்த அச்சத்திலேயே அது பூட்டிய பீரோவுக்குள் புத்தம்புதிதாக இருக்கும். நான் வாங்கிப்போன நாற்பது புத்தகங்களுக்கு முதல் ஆண்டில் நேர்ந்தது அதுதான். மறு ஆண்டு, புத்தகங்கள் என்னுடையவை, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், கிழிந்தால் யாரையும் கேட்கக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையில் போட்டு நானே தூக்கிப்போனேன். ஆண்டு முடிவில் பதினொன்று திரும்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கோ ஒரு வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம் கிடக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையின் பேச்சைத் திருத்தாதீர்கள். "இட்டுனு போனாரு" என்று அவன் சொன்னால் அது அவன் வீட்டுத் தமிழ். புத்தகத்தில் 'அழைத்துச் சென்றார்' என்று இருப்பதும் அதுதான் என்று இணைத்துக் காட்டினால் போதும். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்தும், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள் இப்போது பல வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தமிழ் பேசும் ஒரு பிள்ளையோடு இணைத்து உட்காரவைத்தால் உங்களைவிட அந்தத் தோழி விரைவாகக் கற்றுக்கொடுத்துவிடுவாள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில், நகரின் நடுவிலிருந்து குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டு ஆண்டின் நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகள் பலர். அவர்களிடம் "இதுகூடத் தெரியாதா" என்ற சொல் தவறியும் வாயில் வரக் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, வாசித்த சொற்கள், தடுக்கிய எழுத்து, அவ்வளவுதான். நோட்டு வகுப்பாசிரியரின் மேசையிலேயே இருக்கட்டும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, புரட்டினாலே போதும்.

செய்யக் கூடாதவை

இவற்றில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை. பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். தாழ்வாரமோ, மரத்தடியோ, கதவு திறந்த வகுப்போ, நாலுபேர் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். படம் எடுக்காதீர்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட் பெட்டியோடு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் போகிறவர்களால் பள்ளிக்கு ஒரு பாடவேளை நட்டம், வேறொன்றுமில்லை. கைப்பேசி எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுடைய எண்ணை வாங்காதீர்கள். மதம், கட்சி, சாதி பற்றிய பேச்சு வேண்டாம். அடிப்பதும் தலையில் குட்டுவதும் 'செல்லமாக' என்றாலும் குற்றமே.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி உங்களிடம் வாய்திறந்தால், குறுக்குக் கேள்வி கேட்காமல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காமல், அமைதியாகக் கேளுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் "வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கை வரும். ஒருநாள் சரி. அதுவே வழக்கமானால், காலிப் பணியிடத்தை மறைக்கும் திரையாக நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஆசிரியர் இல்லாத குறையை மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகக் கொண்டுவந்து மேலே அனுப்ப வேண்டும். அதைத் தன்னார்வலரை வைத்து ஒட்டுப்போடக் கூடாது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருகிறவருக்கு ஒரு நாற்காலி, ஒரு பாய், பேசுவதற்கு ஓர் ஆசிரியர், இவ்வளவையும் முதல் நாளே காட்டிவிடுங்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலுவலக வாசலில் கால்மணி நேரம் நின்றவர் மறுவாரம் வருவது கடினம்.

வெளியே அழைத்துப்போகும்போது

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கோ, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ பள்ளி பிள்ளைகளை அழைத்துப்போகும்போது தன்னார்வலரின் உதவி மிகுதியும் தேவைப்படும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள். எண்ணியபின் பெயரைச் சொல்லியும் கூப்பிடுங்கள், ஏனென்றால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவன் கலந்துவிட்டால் எண்ணிக்கை சரியாகவே வரும்.

நிறுத்திக்கொள்ளும்போது

வேலை மாறும், வீடு மாறும், முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் கடைசிப் புதன்கிழமை எது என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். திடீரென்று காணாமற்போகும் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் சிலர் அங்கே இருப்பார்கள். அடுத்து வருகிறவரை இரண்டு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, யாருக்கு எந்த எழுத்து தடுக்குகிறது என்பதை நோட்டைப் புரட்டிக் காட்டுங்கள். பீரோ சாவி, ஊர்ப்பெயர் அட்டைகள், பாய் ஆகியவற்றை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.